கழுத்தில் அடிபட்டவருக்கு மின்சாரத்தால் மூச்சு: குடும்பங்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

என் தம்பிக்கு மோட்டார் சைக்கிள் விபத்தில் கழுத்து முள்ளெலும்பு உடைந்து ஏழு வருடம் ஆகிறது. அடிபட்ட மட்டம் சி5 (கழுத்து மட்டங்களை மேலிருந்து கீழாக சி1, சி2 என்று எண்ணுவார்கள்). மூன்று கிழமை வென்டிலேட்டரில் கிடந்தான். பிறகு தானாக மூச்சுவிடப் பழகினான். அதற்குப் பிறகும் இரண்டு தடவை நியூமோனியா வந்து, பிழைப்பானா என்று நாங்கள் பயந்து கிடந்தோம். அன்றிலிருந்து வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கமிருந்து இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் என்னோடு கதைப்பார்கள். "கரண்ட் வைத்து மூச்சுவிடச் செய்கிறார்களாமே, எங்கள் ஆளுக்கும் செய்யலாமா?" என்றுதான் அநேகமாகத் தொடங்குவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டொக்டர் இல்லை, அவனைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. உங்கள் வீட்டு ஆளுக்கு எது பொருந்தும் என்பதை அவரைச் சோதித்துப் பார்த்த டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

அடிபட்டது கழுத்தில். நெஞ்சில் ஒரு கீறல்கூட இல்லை. பிறகு ஏன் மூச்சு நின்றது?

மூச்சை உள்ளே இழுப்பதில் பெரிய வேலையைச் செய்வது நுரையீரலுக்குக் கீழே குடைபோல் கவிந்திருக்கும் ஒரு தசை. பள்ளிக்கூடத்தில் பிரிமென்றகடு என்று படித்தோம். இந்தியப் புத்தகங்களில் உதரவிதானம் என்று இருக்கும். தசை இருப்பது விலாவுக்கு அடியில், ஆனால் அதை ஆட்டும் நரம்பு புறப்படுவது கழுத்திலிருந்து. அதன் பெயர் பிரெனிக் நரம்பு. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. முண்ணாணின் (தண்டுவடத்தின்) சி3, சி4, சி5 மட்டங்களில்தான் அது வேர்விடுகிறது. மூளையின் அடித்தண்டிலிருந்து இறங்கும் "மூச்சை இழு" என்ற கட்டளை இந்த இடத்துக்கு வந்துதான் தசைக்குப் போகும்.

சி1, சி2 மட்டத்தில் முண்ணாண் முழுதாகப் பழுதானால் கட்டளை இந்த வேருக்கே வந்து சேராது. வென்டிலேட்டர் இல்லாமல் முடியாது. சி4 என்றால் முதலில் மிஷின் தேவைப்பட்டாலும் பிறகு அதிலிருந்து கழன்று வருகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். சி5இலும் அதற்குக் கீழேயும் என்றால் பிரிமென்றகடு ஆடும். ஆனால் விலாக்களுக்கு இடையிலுள்ள தசையும் வயிற்றுத் தசையும் ஆடாது, ஏனென்றால் அவற்றின் நரம்புகள் இன்னும் கீழே, நெஞ்சு மட்டத்திலிருந்து வருகின்றன. இவர்களுக்கு மூச்சு உள்ளே போகும், பலமாக வெளியே தள்ளத்தான் வலு இருக்காது.

கீழே வரும் எல்லாப் பதிலுக்கும் இந்தக் கணக்குத்தான் அடிப்படை. அதனால் மட்டம் என்ன, முழுப் பாதிப்பா பகுதிப் பாதிப்பா என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் எப்படி மூச்சுவிட வைக்கிறது?

சந்தியில் லைன் அறுந்து வீடு இருட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வயரிங் நன்றாக இருந்தால் முற்றத்தில் ஒரு ஜெனரேட்டரை வைத்து லைட்டை எரிய வைக்கலாம். வயரிங்கே எரிந்துபோயிருந்தால் எத்தனை ஜெனரேட்டர் கொண்டுவந்தாலும் பயனில்லை. பிரெனிக் நரம்பும் அப்படித்தான். மேலே முண்ணாண் அறுந்திருந்தாலும் நரம்பு உயிரோடு இருந்தால், அதற்கு வெளியிலிருந்து சிறு மின்துடிப்புக் கொடுக்கலாம். துடிப்பு வந்ததும் தசை சுருங்கிக் கீழே இறங்கும், நெஞ்சறை விரியும், காற்று உள்ளே வரும். துடிப்பு நின்றதும் தசை தளரும், காற்று தானாக வெளியே போகும். நிமிடத்துக்கு இத்தனை தடவை என்று கருவியில் கணக்கு வைத்து விடுவார்கள்.

இது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்லி சார்னொஃப் 1948இலேயே பிரெனிக் நரம்பைத் தூண்டி மூச்சுவிட வைத்துக் காட்டினார். 1960களில் யேல் பல்கலைக்கழகச் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் கிளென், உடலுக்குள் வைக்கக்கூடிய கருவியாக அதை வளர்த்தெடுத்தார்.

வென்டிலேட்டரும் அதைத்தானே செய்கிறது?

வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளுகிறது, பலூனை ஊதுவதுபோல. இந்தக் கருவி கொல்லனின் துருத்தியை விரிப்பதுபோல நெஞ்சறையை விரிக்கிறது, காற்று தானாக உள்ளே வருகிறது. உங்களுக்கும் எனக்கும் மூச்சு நடப்பது இரண்டாவது விதத்தில். நுரையீரலின் அடிப்பகுதிக்கும் காற்று நன்றாகப் போகும்.

அன்றாட வாழ்க்கையில் வரும் மாற்றம் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. பெரிய மிஷினும் நீளக் குழாயும் இல்லாமல் சக்கர நாற்காலியில் வெளியே போகலாம். மிஷின் சத்தம் இல்லை. மூக்கு வழியாகக் காற்றுப் போகிறவருக்கு மணம் தெரியும். சமையலறையில் கறிவேப்பிலை தாளிக்கிற மணம் வருடக்கணக்கில் எட்டாமல் இருந்து திரும்பக் கிடைப்பது லேசான விஷயமா?

யாருக்கு இது சரிவரும்?

மேலே சொன்ன வயரிங் நன்றாக இருப்பவருக்கு. அதாவது பாதிப்பு சி3க்கு மேலே இருந்து, பிரெனிக் நரம்பும் அதன் வேரும் தப்பியிருக்க வேண்டும். சி3 முதல் சி5 வரையுள்ள நரம்புக் கலங்களே நசுங்கிப் போயிருந்தால் தூண்டினாலும் தசை அசையாது. வேறு ஒரு நரம்பை, பெரும்பாலும் விலா இடை நரம்பை, எடுத்து இதனோடு இணைக்கும் சத்திரசிகிச்சையும் இருக்கிறது. அது எல்லோருக்கும் பொருந்தாது, நரம்பு வளர்ந்து சேரப் பல மாதங்கள் எடுக்கும்.

நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கழுத்தில் மேலாகச் சிறு மின்துடிப்புக் கொடுத்து நரம்புக் கடத்தல் சோதனை செய்வார்கள். தசை இறங்குகிறதா என்று எக்ஸ்ரே திரையிலோ அல்ட்ராசவுண்டிலோ பார்ப்பார்கள். பிள்ளை பிழைக்குமா என்ற பதற்றத்தில் எத்தனையோ குடும்பங்கள் இதைக் கேட்கவே இல்லை. "பிரெனிக் நரம்பு வேலை செய்கிறதா என்று பார்த்தீர்களா?" இந்த ஒரு வரியை மறக்காமல் கேளுங்கள்.

சத்திரசிகிச்சையில் என்ன செய்வார்கள்?

இரண்டு விதம் உண்டு. பழைய முறையில், கழுத்திலோ நெஞ்சிலோ திறந்து பிரெனிக் நரம்பைச் சுற்றி ஒரு சின்ன மின்வாயைப் பொருத்தி, தோலுக்கு அடியில் செய்தியை வாங்கும் ஒரு சிறு கருவியை (ரிசீவர்) வைப்பார்கள். வெளியே இருக்கும் பெட்டி ரேடியோ அலை மூலம் அதற்குச் செய்தி அனுப்பும். தோலை ஊடுருவும் வயர் கிடையாது. மற்றையதில், வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கமரா வைத்து, பிரிமென்றகட்டில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு மின்வாய்களை நேரடியாகத் தைப்பார்கள். அவற்றின் மெல்லிய வயர்கள் தோல் வழியே வெளியே வந்து பெட்டியில் சேரும். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரேமண்ட் ஆண்டர்ஸ் குழு வளர்த்த இந்த இரண்டாவது முறைக்கு மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி வழங்கும் அந்நாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008இல் அனுமதி கொடுத்தது.

சத்திரசிகிச்சையின்போது நெஞ்சறைக்குள் காற்றுப் புகுவது, வயர் வெளியே வரும் இடத்தில் கிருமி தொற்றுவது, வயர் அறுவது எல்லாம் நடக்கக்கூடியவை. எம்ஆர்ஐ எடுக்கும்போதும் கட்டுப்பாடு உண்டு. எந்த ஸ்கேனுக்குப் போனாலும் முதலில் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பொருத்திய மறுநாளே வென்டிலேட்டரைக் கழற்றலாமா?

முடியாது. பல குடும்பங்கள் ஏமாந்துபோவது இந்த இடத்தில். வேலை செய்யாத தசை மெலிந்துவிடும். தானாக மூச்சே விடாமல் 18 முதல் 69 மணி நேரம் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் பிரிமென்றகட்டிலேயே தசைநார்கள் தெளிவாக மெலிந்திருந்ததை 2008இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மாதக்கணக்கில் கிடந்தவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் முதலில் சில நிமிடம் தூண்டி, பிறகு ஓய்வு கொடுத்து, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுவார்கள். கிழமைகள், சிலருக்கு மாதங்கள் எடுக்கும். எஃப்டிஏ அனுமதியில் சொன்ன இலக்கே ஒரு நாளைக்குத் தொடர்ச்சியாக நான்கு மணி நேரமாவது மிஷின் இல்லாமல் இருப்பது. முழுநாளும் இருக்கிறவர்களும் உண்டு, பகலில் கருவியும் இரவில் வென்டிலேட்டரும் என்று இருக்கிறவர்களும் உண்டு. எதுவானாலும் மாற்று வென்டிலேட்டர் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சூப்பர்மேன் நடிகருக்கு இதைச் செய்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. கிறிஸ்டோபர் ரீவ் 1995 மே மாதம் குதிரையிலிருந்து விழுந்து கழுத்தின் மிக மேல் மட்டத்தில் அடிபட்டார். 2003இல் கிளீவ்லாந்தில் பிரிமென்றகட்டு மின்வாய்களைப் பொருத்திக்கொண்டார். அந்த முறையின் தொடக்கத்தில் துணிந்து முன்வந்த சிலரில் அவர் ஒருவர். 2004 அக்டோபரில் இறந்தார். அதற்குக் கருவி காரணமில்லை. படுக்கைப் புண்ணில் வந்த தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தபோது மாரடைத்தது. அவ்வளவு வசதி இருந்தவருக்கே படுக்கைப் புண் அந்த நிலை. மூச்சைப் பார்க்கிற கண்ணால் முதுகையும் தினமும் பாருங்கள்.

வென்டிலேட்டர் குழாய்க்காகத் தொண்டையில் போட்ட ஓட்டையை மூடிவிடலாமா?

சிலருக்கு மூடலாம், அவசரப்படக் கூடாது. நாங்கள் மூச்சிழுக்கும்போது மூளை தொண்டைத் தசைகளுக்கும் "திற" என்று சொல்கிறது. கருவி பிரிமென்றகட்டை மட்டும் இழுக்கிறது, தொண்டைக்கு அந்தச் செய்தி தெரியாது. தூக்கத்தில் தொண்டை ஒட்டிக்கொண்டு மூச்சு அடைபடலாம். சளி உறிஞ்சி எடுக்கவும் அந்த வழி தேவைப்படும்.

எங்கள் ஆள் சி5, சி6. மூச்சு வருகிறது, இருமல்தான் வரவில்லை. அவருக்கு ஏதாவது உண்டா?

உண்டு. கொழும்பில் என்னோடு கதைக்கிறவர்களில் அதிகம் பேரின் கேள்வியும் இதுதான், எங்கள் வீட்டுக் கதையும் இதுதான். முண்ணாண் பாதிப்புக்குப் பிறகு உயிரைப் பறிக்கும் முக்கிய காரணங்களில் ஒன்று நியூமோனியா.

தம்பியின் இருமல் எப்படி இருந்தது என்றால், யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் மெதுவாகச் செருமுவதுபோல. "ஹ்... ஹ்..." அவ்வளவுதான். நெஞ்சுக்குள் சளி கரகரவென்று எனக்கே கேட்கும், அவன் கண்ணில் தண்ணீர் வரும், வெளியே ஒன்றும் வராது. அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுப்பார். சளி இளகும், ஆனால் இளகிய சளி வெளியே வர இருமல் வேண்டுமே. (ஆவி பிடிக்க வைப்பதானால் மிகுந்த கவனம். தோலில் உணர்ச்சி இல்லாதவருக்குச் சுடுதண்ணீர் கொட்டினாலும் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் நாங்கள் பார்ப்போம்.)

இருமலின் பலம் வயிற்றுத் தசையில் இருக்கிறது. அந்தத் தசைக்கு வயிற்றுத் தோலின்மேல் ஒட்டும் பட்டைகள் மூலம் மின்துடிப்புக் கொடுத்துச் சுருங்க வைக்கலாம். சத்திரசிகிச்சை வேண்டாம். ஆள் மூச்சை வெளியே விடும் நேரம் பார்த்து அல்லது இருமப் போகும் நேரம் பார்த்துத் துடிப்பைக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் இருமல் பலக்கிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிழமைக்கணக்கில் தொடர்ந்து செய்தால் தசைக்கே பயிற்சியாகி மூச்சின் அளவும் கூடுகிறது என்பதையும் சில ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். சிட்னியில் நியூரா ஆய்வு நிறுவனத்தில் இதில் நிறைய வேலை நடந்திருக்கிறது.

எங்கள் பிசியோ மிஸ் முதல் தடவை பட்டைகளை ஒட்டி, "இப்போ இருமுங்க தம்பி" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தியபோது வயிறு பலகைபோல் இறுகியதைக் கையால் தொட்டுப் பார்த்தேன். வந்த இருமல் விபத்துக்கு முந்திய அவனுடைய இருமல் மாதிரியே இருந்தது. அடுத்த அறையிலிருந்து அம்மா ஓடிவந்து "யார் இருமினது?" என்று கேட்டார்.

பலத்தை அளக்க ஆஸ்துமாக்காரர் ஊதும் அதே பீக் ஃப்ளோ குழாய் போதும், அதற்குள் இரும வேண்டும். நிமிடத்துக்கு 270 லீட்டருக்குக் கீழே என்றால் இருமலுக்கு உதவி வேண்டும். 160க்குக் கீழே என்றால் சளி வெளியே வராது. பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு இது.

ஒன்று சொல்ல வேண்டும். மின்தூண்டல் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். கையால் அழுத்தி இருமலுக்கு உதவுவதை இன்றே ஒரு இயன்மருத்துவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். விலா முடியும் இடத்துக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே உள்ளங்கையை வைத்து, அவர் இருமும் அதே நொடியில் உள்ளேயும் மேலேயும் தள்ள வேண்டும். நேரம் பிசகினால் பலனில்லை. சாப்பிட்ட உடனே செய்யக் கூடாது, விலா உடைந்திருந்தால் செய்யவே கூடாது. சளியை இழுத்தெடுக்கும் இருமல் மிஷினும் இருக்கிறது, வசதியுள்ளவர்கள் அதைப் பற்றியும் கேளுங்கள். எங்கள் வீட்டில் கைதான் முதலில் வந்தது, இன்றும் கைதான் அதிகம் உழைக்கிறது.

கிளீவ்லாந்தில் அந்தனி டிமார்கோ குழு, முதுகின் கீழ்ப்பகுதியில் முண்ணாண்மேல் மின்வாய்களை வைத்து, ஒரு பொத்தானில் பலமான இருமல் வரச் செய்யும் முறையையும் வளர்த்திருக்கிறது. அது சத்திரசிகிச்சை வழி.

படுத்திருக்கும்போது நன்றாக மூச்சுவிடுகிறார், நாற்காலியில் இருத்தினால் திணறுகிறார். ஏன்?

இது எங்களைப் பயமுறுத்திய விஷயம், காரணம் தெரிந்ததும் பயம் போனது. வயிற்றுத் தசை தளர்ந்திருப்பதால் நிமிர்ந்து இருக்கும்போது குடல் முன்னால் சரிகிறது, பிரிமென்றகடும் தாழ்ந்துபோய் இழுக்க இடமில்லாமல் நிற்கிறது. படுத்தால் குடல் அதை மேலே தள்ளி வைக்கும். பிள்ளை பெற்ற பெண்களுக்கு வயிற்றைச் சீலையால் கட்டுவோமே, அதுபோல வயிற்றுப் பட்டி ஒன்றைக் கட்டி இருத்தினால் மூச்சு நிதானமாகும். அளவும் இறுக்கமும் இயன்மருத்துவர் சொன்னபடி இருக்கட்டும்.

பார்மசியில் விற்கும் டென்ஸ் மிஷினை வாங்கி வயிற்றில் ஒட்டலாமா?

தயவுசெய்து வேண்டாம். அது வலி குறைக்க வந்தது. வயிற்றுத் தசையை இறுக வைக்க வேறு அளவு, வேறு நேரக்கணக்கு வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவருக்கும் கர்ப்பிணிக்கும் ஒட்டக் கூடாது, புண் உள்ள இடத்திலும் கூடாது. உணர்ச்சியில்லாத தோல் என்பதால் பட்டைக்கு அடியில் சுட்டாலும் அவர் சொல்ல மாட்டார்.

இன்னொரு பெரிய ஆபத்து உண்டு. டி6 மட்டத்திலோ (நெஞ்சு மட்டங்களில் ஆறாவது) அதற்கு மேலேயோ அடிபட்டவருக்கு, உணர முடியாத இடத்தில் ஏதாவது உறுத்தினால் பிரஷர் திடீரென்று ஏறும். தலை இடிக்கும், முகம் சிவக்கும், நெற்றி வியர்க்கும். மின்தூண்டலும் அதைக் கிளப்பலாம், ஆனால் அதிகம் கிளப்புவது அடைபட்ட சிறுநீர்க் குழாய். உடனே தூண்டலை நிறுத்துங்கள், நிமிர்த்தி இருத்துங்கள், பட்டியையும் இறுகிய உடுப்பையும் தளர்த்துங்கள், குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். கழுத்தில் அடிபட்டவரின் வழக்கமான பிரஷர் 90, 100 என்று தாழ்வாக இருக்கும், அவருக்கு 130 என்பதே உயர்வு. ஒரு வைத்தியசாலையில் இதைச் சாதாரண பிரஷர் என்று சொல்லித் தம்பியை ஒரு மணி நேரம் வாங்கில் இருத்தி வைத்தார்கள். அன்றிலிருந்து அவனுடைய வழக்கமான அளவை ஒரு அட்டையில் எழுதி நாற்காலியில் கட்டி வைத்திருக்கிறேன்.

கரண்ட் போனால்?

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்ததை மறக்க முடியுமா? வீட்டில் வென்டிலேட்டரோ சளி உறிஞ்சும் மிஷினோ வைத்திருப்பவர்களுக்கு அந்த நாட்கள் நரகம். பிரிமென்றகட்டுக் கருவி பற்றரியில் ஓடுவதால் அந்த வகையில் நிம்மதி. ஆனால் மேலதிக பற்றரி, மாற்று வென்டிலேட்டர், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் 'அம்பு' (Ambu) பை மூன்றும் இருக்க வேண்டும். வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்காவது அந்தப் பையை அமுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மோட்டார் நியூரோன் நோய் வந்தவருக்கும் இதைச் செய்யலாமா?

பிரிட்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், பிரிமென்றகட்டுக் கருவி வைத்தவர்கள் வைக்காதவர்களைவிடச் சீக்கிரம் இறந்தார்கள். ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள். அந்த நோயில் நரம்பே அழிகிறது, முண்ணாண் காயம் வேறு கதை.

இதனால் கை கால் திரும்ப வருமா?

வராது. மூச்சுக்கும் இருமலுக்கும் மட்டும்தான். கைக்கான மின்தூண்டல் தனியாக வளர்ந்து வருகிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பணம் கேட்கிறவர்களை நம்பாதீர்கள்.

கொழும்பில் எங்கே தொடங்குவது?

ஏற்கெனவே பார்க்கும் நரம்பியல் டொக்டரிடமிருந்தும் புனர்வாழ்வு டொக்டரிடமிருந்தும். ராகமவிலுள்ள அரசாங்கப் புனர்வாழ்வு வைத்தியசாலை முண்ணாண் பாதிப்புள்ளவர்களை நீண்டகாலமாகப் பார்த்து வருகிறது. சி3க்கு மேலே என்றால் பிரெனிக் நரம்புச் சோதனையைக் கேளுங்கள். அதன் முடிவு கையில் இல்லாமல் வெளிநாட்டுச் சத்திரசிகிச்சை பற்றி யாரோடும் பணம் பேசாதீர்கள். சி5இலோ அதற்குக் கீழேயோ என்றால் இயன்மருத்துவரிடம் மூன்று கேள்வி: இருமலின் பலத்தை அளந்து தருவீர்களா, கையால் உதவுவதை எங்களுக்குப் பழக்குவீர்களா, வயிற்றுத் தசைக்கு மின்தூண்டல் கொடுத்துப் பார்க்கலாமா?

சிங்களத்தில் கதைக்கச் சிரமம் என்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. டயக்னோசிஸ் கார்ட், எம்ஆர்ஐ படங்கள், மருந்துத் துண்டு எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். எங்கள் பை மஞ்சள் நிறம், கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.